கெவின் பேசுகிறேன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் வெரோனிகாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. முப்பத்தொரு வருஷம் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். டாக்டரிடம் பேசியே தீருவேன் என்று கத்துகிறவனை, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று சொல்லி, அந்த ஒரு நிமிஷத்தை இருபது நிமிஷமாக இழுத்து, கடைசியில் அவனே நன்றி சொல்லிவிட்டு வைக்கும்படி செய்வது அவளுக்குக் கைவந்த கலை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கலைக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. மோசடிக்காரர்கள்தான் திரும்ப வேலை கொடுத்தார்கள்.

அவர்களிடம் முதலில் மாட்டியது அவள் அல்ல, அவள் கணவர் கிரிகரி. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதர். ஒரு மத்தியானம் வீட்டுக் கம்ப்யூட்டர் திரை திடீரென்று சிவப்பாகி, உடனே இந்த நம்பரைக் கூப்பிடு என்றது. கூப்பிட்டார். எதிர்முனையில் மிக மரியாதையான ஒரு குரல், உங்கள் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்துவிட்டான் சார், நான் காப்பாற்றுகிறேன், சொல்கிற பட்டனை மட்டும் அழுத்துங்கள் என்றது. அழுத்தினார். ஓய்வுக்காலச் சேமிப்பு மாலைக்குள் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. அன்றோடு கிரிகரி போனைத் தொடுவதை விட்டார். கார் சாவியை விட்டார். ஞாயிறு பூசைக்கு வருவார். நற்கருணை வாங்க எழுந்திருக்க மாட்டார். ஏன் என்று கேட்டால் "நீ போ வெரோ" என்பார், அவ்வளவுதான்.

பணம் போனது வெரோனிகாவுக்கு ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. மனுஷன் போனது ஆறவில்லை. அந்த ஆத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் வீட்டு லைனில் அடுத்தவன் கூப்பிட்டான். அவள் போனை வெட்டவில்லை. நடுங்குகிற கிழவியாகக் குரலை மாற்றிக்கொண்டாள். கண்ணாடியைத் தேடினாள். பிளக்கைத் தேடினாள். ஸ்டார்ட் பட்டன் என்ன நிறம் என்று கேட்டு, எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லையே என்று கால் மணி நேரம் அங்கலாய்த்தாள். எல்லாச் சரக்கும் தீர்ந்த பிறகு ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். இது நான் ஜெபம் செய்கிற நேரம், பாதியில் நிறுத்தினால் பாவம், நீங்கள் லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, ஐம்பத்து மூன்று மணியையும் ஒன்றுவிடாமல் உருட்டினாள். அவன் இருந்தான். மீன் மாட்டியதாக நினைப்பவன் தூண்டிலை விடுவானா?

என்னோடு கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் இன்னொரு கிரிகரியோடு கழியாத நிமிஷம். இதுதான் அவள் கணக்கு. அதில் தப்பே இல்லை என்று நம்பினாள்.

விஷயம் பரவியது. பக்கத்து பிளாக்கில் இருக்கிற மலரும் இன்னும் நாலைந்து பேரும், கோயில் அன்பியக் குழுப் பெண்கள், சனிக்கிழமை காலையில் வெரோனிகா வீட்டில் கூடுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மலர் கறிப்பாப் பொரித்துக் கொண்டுவருவாள். பிறகு பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டதில் கோயில் கோயிலாகப் போய்ப் பேசவும் ஆரம்பித்தாள், கிள்ளான் வட்டாரத்துச் சிற்றாலயங்கள் வரைக்கும். பேச்சின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "இப்ப கம்ப்யூட்டரே ஆள் குரல்ல பேசுது. பெத்த பிள்ளை அழற குரல் கேட்டாலும் முதல்ல போனை வெட்டுங்க. வெட்டிட்டு அப்புறம் அழுங்க." கை தட்டுவார்கள்.

கெவின் வந்தது அதற்குப் பிறகு. "குட் மார்னிங் மேம், கெவின் பேசுகிறேன், டெக்னிக்கல் சப்போர்ட்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். மூக்கால் பேசுகிற, வாங்கி மாட்டிக்கொண்ட இங்கிலீஷ். வெரோனிகாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. மற்றவர்கள் அரை மணி நேரத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டு வைப்பார்கள். இவன் வைப்பதில்லை. அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடு, வங்கி அட்டையை எடுத்து வைக்கிறேன் என்றால், சரியாகப் பதினோரு மணிக்குக் கூப்பிடுவான். நாலு வாரம் கூப்பிட்டான். நாலாவது வாரம் இரண்டு மணி பத்து நிமிஷம் இழுத்தடித்தாள். அதுதான் சாதனை. அன்று மலர் எழுந்து நின்று கை தட்டினாள்.

ஐந்தாவது சனிக்கிழமை பெண்கள் யாரும் வரவில்லை. சுங்கை பூலோவில் ஒரு கல்யாணம், எல்லாரும் போய்விட்டார்கள். வெரோனிகா மட்டும் இருந்தாள். கிரிகரி அறைக்குள் படுத்திருந்தார். பதினோரு மணிக்குக் கெவின் வந்தான். ஆள் இல்லாத மேடையில் ஆட மனசில்லாமல், சீக்கிரமே ஜெபமாலைக்குப் போய்விட்டாள்.

ஜெபமாலையில் ஒவ்வொரு ஜெபத்தையும் இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வது வழக்கம். முதல் பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். தனியாக இருந்தால் இரண்டையும் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். மூன்றாவது மணியில் முதல் பாதியை முடித்தபோது அவளுக்கு இருமல் வந்தது. தண்ணீரை எடுக்கக் கையை நீட்டினாள்.

"புனித மரியே, இறைவனின் தாயே..." என்று போனுக்குள் ஒரு குரல் மறுபாதியைச் சொன்னது.

வெரோனிகா டம்ளரைத் தொட்ட கையோடு அப்படியே நின்றாள். குரல் மூக்கால் பேசவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு அம்மா முட்டிபோட வைத்து, தூங்கி விழுந்தால் தொடையில் கிள்ளி, வருஷக்கணக்காகச் சொல்ல வைத்த பிள்ளையின் குரல் அது. அவனுக்குத் தெரிந்தே சொல்லவில்லை. முதல் பாதி காதில் விழுந்தது, மறுபாதி வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று நின்றான்.

"தம்பி," என்றாள் தமிழில்.

போனில் பின்னால் பல பேர் பேசுகிற சத்தம். யாரோ நடந்து வருகிற சத்தம். பிறகு கெவின் இங்கிலீஷில், "மேம், தயவுசெய்து ஜெபத்தை நிறுத்தாதீர்கள்" என்றான். கெஞ்சினான்.

முப்பத்தொரு வருஷம் போனில் குரல்களை மட்டும் பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற மேற்பார்வைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. தெரியக்கூடாதது அவன் காதில் ஜெபமாக விழட்டும். வெரோனிகா அடுத்த மணியை எடுத்தாள். அதே ராகம், அதே இழுப்பு.

"அருள் நிறைந்த மரியே வாழ்க, பேரு என்னப்பா, ஊரு எதுப்பா, மெதுவா சொல்லிக்கிட்டே வா."

அவனும் அதே ராகத்தில் முணுமுணுத்தான். "டேரன் ஆன்டி. கேரி தீவு. அம்மா பேரு சவுரியம்மா. தாய்லாந்துல வேலைன்னு சொன்னாங்க. ஆத்தைத் தாண்டி வேற நாட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பாஸ்போர்ட் இல்ல. வெளிய போக முடியாது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"எத்தனை நாளாப்பா?"

"எட்டு மாசம் ஆன்டி."

ஒவ்வொரு மணிக்கும் ஒரு கேள்வி. வயசு இருபத்து நாலு. கூட மலேசியப் பிள்ளைகள் இன்னும் ஆறு பேர். ஒரு நாளைக்கு இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்று கணக்கு உண்டு. வராவிட்டால் தண்டனை. அவள் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டாள். கேட்காமல் இருந்திருந்தால் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

"போன வாரம் என்கூட ரெண்டு மணி நேரம் இருந்தியே, அதுக்கு?"

"அதுக்கும்தான் ஆன்டி," என்றான். "நாலு வாரமும்."

என்ன தண்டனை என்று கேட்டாள். அவன் ஜெபத்தின் மறுபாதியை முழுசாகச் சொன்னான், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை கறிப்பாப் மிச்சம் இருந்ததும், அதை டப்பாவில் போட்டு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தனுப்பியதும் அவள் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். எந்த ராகத்தில் கேட்பது?

"அம்மாகிட்ட சொல்லுங்க ஆன்டி," என்றான் கடைசியில். "மூணு மாசத்துக்கு முன்னால ஒருத்தன் போனை எடுத்து ஒரு தடவை கூப்பிட்டேன். அம்மா எடுத்தாங்க. நான் பேசினேன். வச்சிட்டாங்க. சண்டை போட்டுக்கிட்டு வந்தேன் இல்ல, இன்னும் கோவம் போல." பிறகு உரக்க, மூக்கால், "தேங்க் யூ மேம், அடுத்த சனிக்கிழமை கூப்பிடுகிறேன்" என்றான். லைன் போனது.

அவள் திரும்பிப் பார்த்தபோது அறை வாசலில் கிரிகரி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து கார் சாவியைத் தேடி எடுத்தார். "கேரி தீவுக்கு பாலம் தாண்டித்தானே போகணும்," என்றார்.

செம்பனை மர வரிசைகளுக்குள் ஒரு மணி நேரம் விசாரித்து அலைந்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்து வீடுகளில் கடைசி வீடு. சவுரியம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசு இருக்கும், வெயிலில் காய்ந்த ஒடிசலான பெண். வெரோனிகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போனது.

"அக்கா, நீங்க வெரோனிகா அக்காதானே? எங்க கோயிலுக்கு வந்து பேசினீங்களே. வாங்க, உள்ள வாங்க. உங்களை ஒரு நாள் பார்த்து நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

வெரோனிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சவுரியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தாள்.

"நீங்க பேசிட்டுப் போன அடுத்த மாசமே எனக்கு வந்துச்சுக்கா அந்த மாதிரி கால். தெரியாத நம்பர். எடுத்தா, அம்மா அம்மான்னு அழறான். அப்படியே எங்க டேரன் குரல். என்னைக் காப்பாத்தும்மா, அடிக்கிறாங்கம்மான்னு. எனக்கு உசிரே போச்சு. அப்ப நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. வெட்டிட்டேன். நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன். நம்ம பிள்ளைதான் தாய்லாந்துல நல்லா இருக்கானே, வாரா வாரம் மெசேஜ் போடுறானே, 'நல்லா இருக்கேன், வேலை அதிகம்'னு. கோயில்ல எல்லாரும் சொன்னாங்க, சவுரி கெட்டிக்காரி, தப்பிச்சிட்டான்னு."

அந்த மெசேஜ்களை யார் போடுகிறார்கள் என்று வெரோனிகாவுக்கு இப்போது தெரியும். கிரிகரி தரையைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்திகளைப் போனில் இணைத்துக் கொடுத்தவள்தான் வெரோனிகா. மருத்துவமனை வேலையே அதுதான். ஆனால் செய்தியைச் சொல்கிற வேலை டாக்டருடையது. இணைத்துவிட்ட பிறகு அவள் கேட்டதே இல்லை. இங்கே சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

சொன்னாள். ஜெபமாலையில் தொடங்கி, ஒன்றுவிடாமல் சொன்னாள். நாலு வாரம் தான் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னாள். சவுரியம்மா கத்தவில்லை. உன்னால்தானே என்று ஒரு வசவு வந்திருந்தால் வெரோனிகா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அவள் அதற்கும் வழிவிடவில்லை. எழுந்து போய்த் தன் கைப்பேசியை எடுத்துவந்து, எதையெதையோ அழுத்திப் பார்த்துவிட்டு, கிரிகரியிடம் நீட்டினாள்.

"அண்ணே, இந்த பிளாக்கை எப்படி எடுக்கறதுன்னு தெரியல. எடுத்து விடுங்கண்ணே. திரும்பக் கூப்பிடுவான்."

இரண்டு வருஷமாகப் போனைத் தொடாத மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெகுநேரம் தடவித் தடவித் தேடி எடுத்துவிட்டார்.

அன்று மாலையே கிள்ளானில் போலீஸ் புகார் கொடுத்தார்கள். யுகேந்திரன் என்று ஒரு இளம் அதிகாரி, பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இடம் தெரிஞ்சா தூதரகம் மூலமா ஏதாவது செய்யலாம் ஆன்டி. ஆத்தைத் தாண்டின்னு மட்டும் சொன்னா அது போதாது. அடுத்த தடவை கூப்பிட்டா, ஜன்னல்ல என்ன தெரியுது, போர்டுல என்ன மொழி எழுதியிருக்கு, இதைக் கேளுங்க. லைனை மட்டும் விட்டுறாதீங்க லா," என்றார். அந்த வாரம் முழுக்க வெரோனிகா ராகம் போட்டுக் கேள்விகளைப் பழகினாள். மலரிடம் சனிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே சவுரியம்மா வந்துவிட்டாள், கோயிலுக்குக் கட்டுகிற புடவையில். காப்பி வேண்டாம் என்றாள். போனுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பதினொன்று அடித்து இரண்டு நிமிஷத்தில் போன் மணி அடித்தது. வெரோனிகா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கம்பியில்லாத ரிசீவரை எடுத்தாள்.

"குட் மார்னிங் மேம். கெவின் பேசுகிறேன், டெக்னிக்கல் சப்போர்ட்."

மூக்கால் பேசுகிற அதே இங்கிலீஷ்தான், அதே பெயர்தான். ஆனால் ஆள் வேறு. வெரோனிகாவுக்கு 'குட்' என்ற சொல் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. டேரனுக்கு அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு உண்டு. இது மெல்லிய, வழவழப்பான குரல். ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொல்வதற்காகத் திரும்பினாள். அதற்குள் சவுரியம்மா அதைப் பிடுங்கிவிட்டாள்.

"டேரன்," என்றாள். "அம்மாடா."

ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டப்ப அம்மா வெட்டிட்டேன்டா. கோவம் இல்லடா. சத்தியமா கோவம் இல்ல. நீதான்னு தெரியலடா. உன் குரல்னு தெரிஞ்சும் தெரியாம வெட்டிட்டேன்டா சாமி. நீ சண்டை போட்டதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன். அடிச்சாங்களா? எங்கடா அடிச்சாங்க?"

வெரோனிகா கையை நீட்டினாள். வாங்கிவிட வேண்டும், இது மோசடிக்காரன், கேட்பதையெல்லாம் கறந்துவிடுவான். இவ்வளவு காலம் ஊரெல்லாம் போய் அவள் சொன்னது இதைத்தானே. ஆனால் கிரிகரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவை மன்னிச்சிடுடா," என்றாள் சவுரியம்மா.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு தமிழில், மிகவும் தாழ்ந்து, "பரவாயில்லம்மா," என்றது குரல்.

"சாப்பிட்டியா?"

"சாப்டேம்மா."

"என்ன சாப்பிட்ட?"

அவன் தடுமாறினான். "சோறும்மா. நீங்க அழாதீங்க."

சவுரியம்மா கண்ணை முந்தானையால் அழுத்திக்கொண்டாள். எட்டு மாசத்தில் முதல் முறையாகக் கேட்கிற ஆறுதல் அது, அவள் மகனுடையது இல்லை. அவள் அதற்கு மேல் பேச முடியாமல் விம்மியபோது வெரோனிகா ஸ்பீக்கரை அணைத்து, ரிசீவரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாருப்பா நீ?"

"ஆன்டி, நான் டேரன் இல்ல."

"தெரியும்."

"அவங்க அழுதாங்க. அதான் அப்படிச் சொல்லிட்டேன்." அவன் அவசரமாகப் பேசினான். "டேரன் இந்த மேசைலதான் இருந்தாரு. புதன்கிழமை அவரை வேற கும்பலுக்கு வித்துட்டாங்க. நாலு பேரை வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. எங்கன்னு தெரியாது. அவரால நடக்க முடியல, தூக்கித்தான் ஏத்தினாங்க."

வெரோனிகாவுக்கு ஒரு வாரமாகப் பழகிய கேள்விகள் எதுவும் வாயில் வரவில்லை. ஜன்னல், போர்டு, மொழி, எல்லாம் மறந்து போனது.

"உன் பேரு என்னப்பா? உங்க அம்மா நம்பராவது சொல்லு."

"வேணாம் ஆன்டி, வராங்க," என்றான். பிறகு உரத்த இங்கிலீஷில் நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

அவள் கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஹாலில் சவுரியம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். கிரிகரி அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்திருந்தார், இப்போது குடித்துக்கொண்டிருந்தாள். வெரோனிகா முகத்தைப் பார்த்த கிரிகரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்ககிட்ட என்னக்கா சொன்னான்?"

போனில் வருகிற எதையும் நம்பாதே என்று நூறு கோயிலில் சொன்னவள், அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கானாம்," என்றாள். "அடுத்த சனிக்கிழமை கூப்பிடறேன்னு சொன்னான்."

சவுரியம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "குரல் கொஞ்சம் இளைச்சுப் போச்சு, பாவம். ஆனா பேசின உடனே தெரிஞ்சிருச்சுக்கா. இந்தத் தடவை நான் ஏமாறல. பெத்தவளுக்குப் பிள்ளை குரல் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் வெரோனிகா.

"அப்ப அடுத்த சனிக்கிழமை முதல் ரயிலுக்கே வந்திடறேன்க்கா."

"வாங்க," என்றாள் வெரோனிகா. காப்பி டம்ளரை வாங்கிக் கழுவப் போனாள்.